முந்தானையில் விழுந்த ரப்பர் ஸ்டாம்பு

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. மேலே கடுகளவு எழுத்தில் 'வார்டு கவுன்சிலர் லால்முனி தேவி'. கீழே பூசணிக்காய் எழுத்தில் 'கவுன்சிலர் பதி நவல்கிஷோர்'. லால்முனி என் ஓரகத்தி. நவல்கிஷோர் என் கொழுந்தன். பதி என்றால் வெறும் புருஷன்தானே என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் ஊரில் அது ஒரு உத்தியோகம். எங்கள் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். நவல் தன் பெண்டாட்டியை நிறுத்தினான், அவள் ஜெயித்தாள், மாலையை அவன் போட்டுக்கொண்டான்.

முனிசிபாலிட்டிக் கூட்டத்தில் குமாஸ்தா 'லால்முனி தேவி' என்று பேர் கூப்பிட்டால், முறுக்கு மீசையும் பான் குதப்பிய வாயுமாக என் கொழுந்தன் கையைத் தூக்குவான். நாலு வருஷமாக யாரும் சிரித்ததில்லை. சிரிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பதும் பதிகள்தான். மீரா தேவிக்கு வழுக்கைத் தலை, ரேணு குமாரிக்குத் தாடி.

லால்முனியின் கையெழுத்தை நவல் அவளைவிட அழகாகப் போடுவான். அவள் பேரில் செய்த ரப்பர் ஸ்டாம்பு எப்போதும் அவன் சட்டைப் பையில், சின்ன மைப்பெட்டியோடு இருக்கும். குளிக்கப் போகும்போது சட்டையை ஆணியில் மாட்டுவான், ஸ்டாம்பை மட்டும் கையோடு உள்ளே எடுத்துப் போவான். சான்றிதழ் கேட்டு வார்டு ஜனங்கள் வருவார்கள். கவுன்சிலர் அவர்களுக்கு டீ போடுவாள். கவுன்சிலர் பதி ஸ்டாம்பு குத்துவான். இதுதான் எங்கள் வீட்டு ராஜாங்கம்.

இந்த ராஜாங்கத்துக்கு வினை திரிலோகி பாபு உருவத்தில் வந்தது. அவர் கட்சியின் ஜில்லா தலைவர். ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் அவருடைய மண்டபத்தில்தான் ஆக வேண்டும். இருக்கிற மண்டபங்கள் போதாமல், கண்டக் ஆற்றங்கரையில் வேம்படித் துறைக்கு மேலே இருக்கிற மேட்டில் இன்னொன்று கட்ட ஆசைப்பட்டார். எங்கள் வார்டுப் பெண்கள் மொத்தப் பேரும், ஆற்றில் நின்று சூரியனைக் கும்பிடுகிற சத் பண்டிகைக்கு இறங்குகிற துறை அது. மேட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டால் ஆற்றுக்கு வழியே இல்லை. சர்க்கார் நிலம்தான், ஆனால் வார்டு கவுன்சிலர் 'ஆட்சேபணை இல்லை' என்று ஸ்டாம்பு குத்த வேண்டும். குத்திக் கொடுத்தால் நவலுக்கு அடுத்த சட்டசபைத் தேர்தலில் டிக்கெட். டீ கொண்டுபோன என் காதில் இதெல்லாம் விழுந்தது. என் காதில் விழுந்தது எங்கேயாவது நிற்குமா? நேரே அடுக்களைக்குப் போய் லால்முனியிடம் கொட்டிவிட்டேன்.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. கையில் இருந்த மாவை வழித்துப் போட்டுவிட்டு, போய் அவனிடம் கேட்டாள்.

"அந்த எடத்துலதான் நாங்க நிக்கிறோம். சுவரு வச்சா எங்க போறது?"

"வருஷத்துல ஒரு சாயங்காலம், ஒரு காலை. அதுக்கு ஒரு துறையா?" என்றான் நவல். "மண்டபத்து மொட்டை மாடியில தொட்டி கட்டித் தர்றேன்னு தலைவர் சொல்லிட்டாரு. வெந்நீ வரும். குளிர்ல நடுங்க வேண்டாம் பாரு."

"சூரியனுக்கும் அங்க குழாய் வச்சிருக்காரா?" என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். அண்ணி என்கிற மரியாதைக்கு அவன் மீசையை மட்டும் முறுக்கிக்கொண்டான்.

லால்முனி கையை நீட்டினாள். ஸ்டாம்பைக் கேட்கிறாள் என்று புரிந்ததும் அவன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு சிரித்தான். உனக்கு எதுக்கு இந்தப் பாரமெல்லாம் என்றான். பண்டிகை முடிகிற காலையில், ஆற்றங்கரையிலேயே, நல்ல நேரத்தில் தலைவர் எதிரில் குத்தித் தருவதாகப் பேச்சாகிவிட்டதாம். அவர் சகுனம் பார்க்கிறவர்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விரதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மாமியார் சாகும்வரை வருஷா வருஷம் நாலு நாள் சத் விரதம் இருந்தாள். இந்த விரதத்தை எடுத்தால் லேசில் இறக்கி வைக்க முடியாது, இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுத்தான் விடலாம். முறைப்படி மூத்த மருமகள் என்னிடம் கொடுத்திருக்க வேண்டும். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'ரெண்டாம் நாள் கர்னா அன்னிக்கு வாய மூடிட்டுச் சாப்பிடணும், உன்னால ஆகாது' என்று சொல்லிவிட்டுச் சின்னவளிடம் கொடுத்துவிட்டாள். கிழவி சொன்னது சரிதான், அதனால்தான் எனக்கு இன்னும் கோபம்.

விரதம் இருக்கிற நாட்களில் விரதக்காரி சாதாரண மனுஷி இல்லை. மூத்தவள் நானே அவள் காலைத் தொட்டுக் கும்பிடுவேன், கட்டிய புருஷனும் கும்பிடுவான். எத்தனை பெரிய வீட்டு விரதக்காரியும் சில வருஷம் நாலு வீடு ஏறிப் பிச்சை எடுப்பதாக வேண்டிக்கொள்வாள், அகங்காரம் தொலையட்டும் என்று. முந்தானையை விரித்து 'சத் மாயி பேர்ல' என்று அந்த விரதத்துத் தாயின் பேரைச் சொல்லிக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள், கண் போகும் என்பார்கள். சொல்லிப் பார்த்தவன் எங்கள் ஊரில் இல்லை.

அந்த வருஷம் லால்முனி பிச்சை எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். நவலுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு போட்டோக்காரனைப் பிடித்து வந்தான். முதல் நாள், குளித்துச் சுரைக்காயும் கடலைப் பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு அவள் வீடு வீடாகப் போனாள். பின்னாலேயே கேமரா போனது. டீக்கடைக்காரன் ஒரு பிடி கோதுமை போட்டான், டாக்டர் வீட்டம்மா ஒரு தேங்காய் போட்டாள். 'விரதக்காரிக்கு இல்லை என்று சொல்லாதே, அவள் கேட்பது சத் மாயி கேட்பது' என்று நவல் தன் குரலிலேயே பேசி அந்தப் படத்தை ஊர் முழுக்க போனில் அனுப்பினான். அவன் பேசியதை வார்டில் பாதிப் பேர் மனப்பாடம் பண்ணிவிட்டார்கள்.

துறையில் ஒரு பேனர் கட்டியிருந்தான். அதில் திரிலோகி பாபு ஆள் உயரத்துக்கு, நவல் கைகூப்பியபடி முக்கால் ஆள் உயரத்துக்கு, லால்முனி தபால்தலை அளவுக்கு. சூரியனைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். தலைவரின் காதுக்குப் பின்னால் இருந்தது.

மறுநாள் கர்னா. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, சாயங்காலம் புது மண் அடுப்பில் மாங்கட்டை எரித்து, வெல்லப் பாயசமும் ரொட்டியும் செய்து, விரதக்காரி கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள். அதுதான் கடைசிச் சாப்பாடு. அப்புறம் நாலாம் நாள் காலையில் உதிக்கிற சூரியனுக்கு அர்க்கியம் விடும்வரை பொட்டுத் தண்ணீர் கிடையாது. சாப்பிடும்போது யாராவது கூப்பிடுகிற குரல் காதில் விழுந்தால் கை அப்படியே நின்றுவிட வேண்டும். இலையை மறுபடி தொடக்கூடாது.

ஆகையால் கர்னா அன்று எங்கள் வீட்டில் மூச்சு விடுவதே மெதுவாகத்தான். போன்களை எல்லாம் அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டேன். பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வாய் நிறையக் குழை கட்டினேன். தெரு நாயை ரொட்டி காட்டி அடுத்த சந்துக்குக் கூட்டிப்போய் விட்டேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அவரைச் சும்மா இருக்கச் சொல்ல வேண்டியதே இல்லை, என்னைக் கட்டிய நாள் முதல் அவருக்கு அதுதான் வேலை. கடைசியில் என் முந்தானையை உருட்டி என் வாயிலேயே வைத்துக்கொண்டு, லால்முனியின் கதவுக்கு வெளியே காவல் உட்கார்ந்தேன்.

உள்ளே அவள் சத் மாயிக்குப் படைத்துவிட்டு இலை முன்னால் உட்காருகிற வளையல் சத்தம் கேட்டது. சரி, சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தெருமுனையில் மேளம் கிளம்பியது. வார்டுப் பெண்களுக்கு இனாமாகக் கரும்பு கொடுக்க நவல் ஓர் ஊர்வலம் ஏற்பாடு செய்திருந்தான். கர்னா முடிந்த பிறகு வரச் சொல்லியிருந்தான். பாயசம் சூடாக இருக்கும்போதே போனால்தான் ருசி என்று அவர்களில் எவனோ யோசனை சொல்லியிருக்கிறான். கரும்புக் கட்டும் ஒலிபெருக்கியுமாக எங்கள் வாசலில் வந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"லால்முனி தேவி!"

"ஜிந்தாபாத்!"

நாலு வருஷமாக அந்தப் பேரைச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. வீட்டில் புருஷனுக்கு அவள் 'ஏய்', தெருவுக்கு அவள் 'நவல் வீட்டம்மா'. கூட்டத்தில் குமாஸ்தா மட்டும் சொல்வார், அதற்கும் மீசைதான் பதில் சொல்லும். ஜென்மத்தில் ஒரு தரம் அவள் பேரை வாய் நிறையக் கூப்பிட்டார்கள், அதுவும் அவள் வாயில் சோறு இருக்கும்போது. வாயிலிருந்த துணியைத் துப்பிவிட்டு நான் வாசலுக்கு ஓடுவதற்குள் மூன்று தரம் ஜிந்தாபாத் ஆகிவிட்டது.

கதவு திறந்தது. லால்முனி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். இலையில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது. ரொட்டி கிள்ளியே இல்லை. பகலெல்லாம் பட்டினி கிடந்தவள், இனி நாளை முழுக்கத் தண்ணீர் இல்லாமல், கார்த்திகைக் குளிரில் இடுப்பளவு ஆற்றில் நிற்க வேண்டும். நாசமாகப் போகிறவன்களே என்று ஆரம்பித்து எனக்குத் தெரிந்ததை எல்லாம் அந்த ஊர்வலத்தின் மேல் கொட்டினேன். முன்னால் நின்றவன் நான் மூச்சு வாங்குவதற்குக் காத்திருந்து, பாயசம் எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டான். கேட்டு வந்தவனுக்கு கர்னாப் பிரசாதம் இல்லை என்று சொல்லக்கூடாது. கொடுத்தோம். பானையை வழித்துத் தின்றார்கள். ஒருவன் வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவலின் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்குக் கட்சி பயம் உண்டு, போலீஸ் பயம் உண்டு, அதையெல்லாம்விட சத் மாயி பயம் உண்டு. தன் ஆட்கள் தன் வீட்டு கர்னாவையே கெடுத்தார்கள் என்றால் டிக்கெட்டும் போகும், கண்ணும் போகும் என்று நடுங்கினான். லால்முனியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, என்ன பரிகாரம் வேண்டுமானாலும் செய்கிறேன் என்றான்.

"கேக்க வேண்டியத கேக்க வேண்டிய எடத்துல கேக்கறேன்," என்றாள் அவள். "அப்ப இல்லேன்னு சொல்லாதீங்க. அது போதும்."

அவனுக்கு உயிர் வந்தது. பெண்பிள்ளை கேட்டால் என்ன கேட்பாள்? எழுந்த கையோடு நகைக்கடைக்காரனுக்குப் போன் பண்ணி, கனமாக ஒரு சங்கிலி எடுத்து வைக்கச் சொன்னான்.

மூன்றாம் நாள் மதியம் துறைக்குக் கிளம்பினோம். தேகுவாப் பணியாரமும் வாழைத்தாரும் கரும்பும் முறங்களும் அடுக்கிய கூடையை வீட்டு ஆண்பிள்ளை தலையில் சுமந்து, வெறுங்காலோடு நடந்து வர வேண்டும். நவல் சுமந்தான். கேமரா இருந்த இடங்களில் நிமிர்ந்து நடந்தான், இல்லாத இடங்களில் கட்சிக்காரன் ஒருவன் அடியில் கை கொடுத்தான். லால்முனி மூக்கு நுனியிலிருந்து நடுவகிடு வரை குங்குமத்தைக் கோடு இழுத்துக்கொண்டு, நேராகப் பார்த்து நடந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே நடந்தேன். எங்கே விழுந்து வைப்பாளோ என்ற பயத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அதைப் பார்த்து என் வீட்டுக்காரரே பயந்துபோனார்.

தண்ணீரில் இறங்கி நின்றாள். மறைகிற சூரியனைப் பார்த்து முறத்தை ஏந்தியபோது அது சாய்ந்து, மேலே இருந்த தேங்காய் உருண்டது. நான் பிடித்துக்கொண்டேன். இந்த ஒரு வருஷம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடு, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று காதில் சொன்னேன். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் திரும்பிக் கரையைப் பார்த்தாள். மேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் பெண்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு இடம் பிடித்திருந்த படகுக்காரன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் டாக்டர் வீட்டம்மா, அவளுக்குப் பக்கத்தில் துப்புரவு வேலைக்காரி, பிள்ளை வேண்டி வந்த புது மருமகள்கள். யாரும் யாரையும் தள்ளிப் போ என்று சொல்லவில்லை.

"மொட்டை மாடியில இத்தனை பேரும் நிக்க முடியுமாக்கா?" என்றாள் லால்முனி.

"மண்டபத்துக்காரன் வாட்ச்மேன் யார் யார உள்ள விடுவானோ அவங்க நிப்பாங்க," என்றேன்.

திரிலோகி பாபு அன்று சாயங்காலம் வரவில்லை. காலையில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். மறைகிற சூரியனையும் கும்பிடுகிற ஜனங்கள் நாங்கள். அவர் உதிக்கிறதை மட்டும்தான் கும்பிடுவார், அரசியலில் அப்படித்தான் அவர் மேலே வந்தார்.

காலையில் நாங்கள் துறைக்குப் போனபோது ஒரே பனிமூட்டம். எதிர்க்கரை தெரியவில்லை. பெண்கள் எல்லோரும் தண்ணீரில் நின்று கிழக்கே பார்த்துக் காத்திருந்தார்கள். திரிலோகி பாபு சால்வையும் பரிவாரமுமாக வந்து சேர்ந்தார். அவருக்கென்று கரையில் சோபா போட்டிருந்தான் நவல். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், கிழக்கைப் பார்த்தார், நவலைப் பார்த்தார். சூரியன் தாமதமாவதற்கு நவல் கைகட்டி மன்னிப்புக் கேட்டான். தலைவரின் செயலாளர் கையில் அந்தக் காகிதம் பிளாஸ்டிக் உறைக்குள் தயாராக இருந்தது. நவலின் சட்டைப் பையில் ஸ்டாம்பு தயாராக இருந்தது. சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்று குத்தியிருந்தான். இந்தக் காட்சியை நேரடியாக போனில் காட்ட ஏற்பாடு. துறை முழுக்க ஒலிபெருக்கி.

லால்முனியின் நிலைமை எனக்குத்தான் தெரியும். அவள் என்மேல் சாய்ந்து நின்றாள். உடம்பு சில்லிட்டிருந்தது, கண் அடிக்கடி செருகியது. சத் மாயி, இவளுக்கு ஏதாவது ஆனால் உன்னை நான் சும்மா விட மாட்டேன் என்று மனசுக்குள் சொன்னேன். வேண்டுதல் என்றால் எனக்கு இப்படித்தான் வரும்.

ஒரு வழியாகப் பனிக்கு நடுவே செக்கச்செவேலென்று சூரியன் தெரிந்தது. துறை முழுக்க ஒரு முனகல் கிளம்பியது. லால்முனி முறத்தை ஏந்தினாள். நவல் தண்ணீரில் இறங்கி, முறத்தின் விளிம்பில் பால் ஊற்றினான். அவள் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிச் சூரியனைக் கும்பிட்டாள், முறத்தை என் கையில் கொடுத்தாள். இனி கரையேறி இஞ்சியும் வெல்லமும் தின்று தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவள் நகரவில்லை. ஈர முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் புருஷன் எதிரில் நீட்டினாள்.

"சத் மாயி பேர்ல பிச்சை கேக்கறேன்."

மைக் அதைத் துறை முழுக்கச் சொன்னது. நவலுக்கு முகமெல்லாம் பல். இதைத்தான் அவன் எதிர்பார்த்தான். சங்கிலியை எடுத்து, கேமரா பக்கம் ஒரு தரம் காட்டிவிட்டு, முந்தானையில் போட்டான். அவள் அதை எடுத்து என் கையில் வைத்துவிட்டு மறுபடி முந்தானையை விரித்தாள். ரூபாய்க் கட்டைப் போட்டான். அதையும் என் கையில் வைத்தாள். என் கை நிறைந்துவிட்டது, அவள் முந்தானை காலியாகவே இருந்தது.

"வேற என்னதான் வேணும்?" என்றான்.

"என் ஸ்டாம்பக் குடுங்க."

அவன் குரலைத் தாழ்த்தி, வீட்டுக்குப் போய்த் தருகிறேன், மானத்தை வாங்காதே என்றான். தாழ்த்தின குரலும் மைக்கில்தான் போனது. மேட்டில் கடைசியில் நின்ற பெண்கள் வரைக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். படகுக்காரன் பெண்டாட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே, விரதக்காரி கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது, அவள் கேட்பது சத் மாயி கேட்பது என்று, நவலின் வசனத்தை நவலின் குரலிலேயே சொன்னாள். கரையேறப் போன பெண்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் தண்ணீரை விட்டு ஏறவில்லை.

சோபாவில் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த திரிலோகி பாபுவுக்கு என்ன நடக்கிறதென்று சரியாகப் புரியவில்லை. விரதக்காரி ஏதோ கேட்கிறாள், புருஷன் தயங்குகிறான், கேமரா ஓடுகிறது, ஓட்டுள்ள ஜனங்கள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கையை ஆட்டினார்.

"குடுத்துடு நவல். தாய் கேக்கறா, என்ன யோசனை?"

நவல் தலைவரைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சட்டைப் பைக்குள் போன கை திரும்பி வருவதற்கு எத்தனை நேரம் ஆயிற்று தெரியுமா? கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோதுகூட அவன் முகம் அப்படிக் கோணவில்லை. ஸ்டாம்பு முந்தானையில் விழுந்தது. மைப்பெட்டியையும் போடு என்று நான் ஞாபகப்படுத்தினேன். போட்டான்.

அவள் இரண்டையும் சேர்த்து முந்தானையில் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கரையேறினாள். நான் அவள் வாயில் இஞ்சித் துண்டும் வெல்லமும் வைத்து, தண்ணீர் கொடுத்தேன். அவள் தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லா அழுதேன், வெட்கமென்ன.

செயலாளர் காகிதத்தோடு நவலிடம் வந்தார். நவல் பெண்டாட்டியைக் காட்டினான். அப்போதுதான் தலைவருக்கு விஷயம் விளங்கியது. ஆனாலும் பழுத்த ஆள், சிரித்துக்கொண்டே வந்து லால்முனியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார், காகிதத்தை நீட்டி இதில் ஒன்று குத்திவிடு தாயே என்றார். அவள் வாங்கி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மடித்தாள்.

"படிச்சுட்டுக் கூட்டத்துல சொல்றேன்," என்றாள்.

தலைவர் நவலைப் பார்த்தார். நவல் சூரியனைப் பார்த்தான்.

ஸ்டாம்பு என்ன, பஜாரில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இன்னொன்று செய்து தருவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். தருவார்கள். ஆனால் ஊரே பார்க்க சத் மாயி பேரில் பிச்சை போட்டதற்கு இன்னொன்று செய்கிற தைரியம் யாருக்கு உண்டு? நவலுக்கு இரண்டு கண் வேண்டும். கடைக்காரனுக்கும் வேண்டும்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. தலைப்பு: 'மனைவிக்கு அதிகாரத்தையே பிச்சையிட்ட மாமனிதர்'. நவல் கை, நவல் மீசை, நவல் கண்ணில் நீர். லால்முனியின் முந்தானை தெரிந்தது, தலை வெட்டுப்பட்டிருந்தது. நவல் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். நாலு பேர் வந்து பாராட்டினதும், தானே யோசித்துச் செய்ததாக அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு லால்முனி கிளம்பினாள். தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை, நானும் போனேன். மாமனிதரும் முன்னாலேயே போய், பழக்க தோஷம், அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றாள். மீரா தேவியின் வழுக்கையும் ரேணு குமாரியின் தாடியும் திரும்பிப் பார்த்தன. இதென்ன, கூட்டத்துக்குக் கவுன்சிலரெல்லாம் வருகிறார்களே என்று அவர்களுக்குத் திகைப்பு.

லால்முனி கொண்டுவந்து கொடுத்த வேம்படித் துறைக் காகிதத்தைக் குமாஸ்தா எடுத்தார். தலை நிமிராமலே வாசித்தார்.

"லால்முனி தேவி. ஆட்சேபணை உண்டா?"

நவலின் கை பாதி உயர்ந்தது, வாய் திறந்தது. கர்னா அன்று கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மாதிரியே நான் உதட்டில் விரலை வைத்து அவனைப் பார்த்தேன். என்ன நினைத்தானோ, வாயை மூடிக்கொண்டான்.

இந்தத் தடவை அவள் வாயில் சோறு இல்லை.

"உண்டு," என்றாள் லால்முனி. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஸ்டாம்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எழுதிக்குங்க, ஆட்சேபணை உண்டு. நான் குத்தறேன்."

குமாஸ்தா அச்சடித்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இல்லை' என்றுதான் அதில் அடித்திருந்தது. பிறகு அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பேனாவால் 'உண்டு' என்று மெதுவாக எழுதினார்.